ஃபேப்ரிக் 1.21.4: புது பிளாக்கை வைக்க முடிகிறது, ஆனால் கையில் ஊதா-கறுப்பு, உடைத்தால் எதுவும் விழவில்லை

கல்வெட்டு_21:

வணக்கம். மைன்கிராஃப்ட் ஜாவா 1.21.4-க்கு ஃபேப்ரிக்கில் (மாட்களை ஏற்றும் கருவி) ஒரு சின்ன மாட் எழுதிக்கொண்டிருக்கிறேன். யார்ன் மேப்பிங் (கேமின் கோடுக்கான பெயர்த் தொகுப்பு), ஜாவா 21. மாட் ஐடி 'விளக்குகள்', பிளாக் ஐடி 'பித்தளை_விளக்கு'. ஃபைல்களில் எல்லாப் பெயரும் ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் இருக்கின்றன, படிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.

வேண்டியது இதுதான்: வைப்பவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிற ஒரு விளக்கு. வலது கிளிக் செய்தால் எரியணும், மறுபடி செய்தால் அணையணும். இரும்புக் கோடாலியோ (பிக்ஆக்ஸ்) அதைவிட மேலானதோ இருந்தால்தான் உடைத்து எடுக்க முடியணும். மாடலை பிளாக்பெஞ்ச் என்ற 3டி மாடல் மென்பொருளில் செய்தேன்: 10 பிக்சல் அகலம், 12 பிக்சல் உயரம், சுற்றிலும் கம்பி வலை மாதிரி ஓட்டை உள்ள டெக்ஸ்ச்சர்.

கேம் கிராஷ் ஆகாமல் திறக்கிறது. பிளாக்கைத் தரையில் வைத்தால் விளக்கு தெரிகிறது. ஆனால்:

கையிலும் இன்வென்டரியிலும் ஊதா-கறுப்புக் கட்டம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஐட்டம்.விளக்குகள்.பித்தளை_விளக்கு' என்று அப்படியே வருகிறது, லாங் ஃபைலில் (காட்டும் பெயர்களுக்கான மொழி ஃபைல்) பெயர் கொடுத்திருந்தும். இரும்புக் கோடாலியால் உடைக்க 15 நொடி ஆகிறது, உடைந்த பிறகும் ஒன்றும் விழுவதில்லை. விளக்குக்குப் பக்கத்தில் உள்ள கல்லின் முகம் காணாமல் போய், அதன் வழியாக அடியில் இருக்கும் குகை தெரிகிறது. வலை ஓட்டைகள் கறுப்பாக இருக்கின்றன. வைத்தவுடனே எரிகிறது, கிளிக் செய்தால் அணைவதில்லை.

செட்டிங்ஸில் ஸ்ட்ரெங்த் 3, 6 கொடுத்து ரிக்வயர்ஸ்-டூல் சேர்த்திருக்கிறேன். லூட் டேபிள் (உடைத்தால் என்ன விழும் என்று சொல்லும் ஃபைல்) 'டேட்டா/விளக்குகள்/லூட்_டேபிள்ஸ்/பிளாக்ஸ்' ஃபோல்டரில் இருக்கிறது. 1.20-க்கான ஒரு வழிகாட்டியைப் பார்த்து எழுதியது. எங்கே தொடங்கிப் பார்ப்பது?

கூழாங்கல்:

1.20 வழிகாட்டியை வைத்து 1.21.4-க்கு எழுதினால் பாதி இடங்களில் எரர் வராது, வேலையும் நடக்காது. உங்களுக்கு நடப்பது அதுதான். நடுவில் மாறியவற்றை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

2024 ஜூனில் வந்த 1.21-இல் டேட்டா ஃபோல்டர்களின் பெயர்கள் ஒருமைக்கு மாறின. 'லூட்_டேபிள்ஸ்' இப்போது கடைசி 'எஸ்' இல்லாமல் 'லூட்_டேபிள்'. 'ரெசிபீஸ்' இப்போது 'ரெசிபி'. 'டேக்ஸ்' ஃபோல்டரின் உள்ளே இருந்த 'பிளாக்ஸ்', 'ஐட்டம்ஸ்' இரண்டும் 'பிளாக்', 'ஐட்டம்' ஆயின. பலர் இடறி விழுகிற இடம் இதுதான்: லூட் டேபிள் ஃபோல்டரின் உள்ளே இருக்கும் 'பிளாக்ஸ்' மட்டும் பன்மையிலேயே நிற்கிறது. ஆக, சரியான பாதை 'டேட்டா/விளக்குகள்/லூட்_டேபிள்/பிளாக்ஸ்/பித்தளை_விளக்கு.ஜேசன்'. பழைய பெயரில் ஒரு ஃபோல்டர் கிடந்தால் கேம் அதைத் திறந்தே பார்க்காது. அதனால் லாகில் எச்சரிக்கையும் வராது.

1.21.2-இல் பிளாக்கை உருவாக்கும் முன்பே அதன் ரெஜிஸ்ட்ரி கீயை (எந்த ஐடியில் பதிவாகும் என்று சொல்வது) செட்டிங்ஸில் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பிளாக்குக்கு ஒரு கீ, ஐட்டத்துக்கு ஒரு கீ. கொடுக்காவிட்டால் 'பிளாக் ஐடி நாட் செட்' அல்லது 'ஐட்டம் ஐடி நாட் செட்' என்று தொடங்கும்போதே விழுந்துவிடும். உங்களுடையது திறக்கிறது என்பதால் இதைச் செய்துவிட்டீர்கள். ஆனால் அதே பதிப்பில் சத்தமில்லாமல் இன்னொன்றும் மாறியது. முன்பு பிளாக் ஐட்டம் தானாகவே பிளாக்கின் பெயர்ச் சாவியை எடுத்துக்கொள்ளும். இப்போது எல்லா ஐட்டத்துக்கும் 'ஐட்டம்.' என்று தொடங்கும் சாவிதான் இயல்பு. நீங்கள் லாங் ஃபைலில் 'பிளாக்.விளக்குகள்.பித்தளை_விளக்கு' என்று எழுதியிருப்பீர்கள். ஐட்டம் செட்டிங்ஸில் 'யூஸ்-பிளாக்-ப்ரிஃபிக்ஸ்ட்-ட்ரான்ஸ்லேஷன்-கீ' என்ற மெத்தடைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். லாங் ஃபைலில் இரண்டு சாவியும் எழுதி ஒப்பேற்றுவதைவிட இதுவே முறை.

கையில் ஊதா-கறுப்பு வருவதற்குக் காரணம் 1.21.4-இன் மாற்றம். முன்பு கேம் 'மாடல்ஸ்/ஐட்டம்' ஃபோல்டரில் நேராகத் தேடும். இப்போது 'அசெட்ஸ்/விளக்குகள்/ஐட்டம்ஸ்' என்ற புது ஃபோல்டரில் ஐட்டம் ஐடியின் பெயரில் ஒரு ஃபைலை முதலில் தேடுகிறது. அது இல்லை என்றால் மாடல் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. உள்ளடக்கம் இவ்வளவுதான்:

{ "மாடல்": { "டைப்": "மைன்கிராஃப்ட்:மாடல்", "மாடல்": "விளக்குகள்:பிளாக்/பித்தளை_விளக்கு" } }

பிளாக் மாடலையே நேராகச் சுட்டலாம். சாதாரண பிளாக்குக்கு 'மாடல்ஸ்/ஐட்டம்' ஃபைல் தனியாகத் தேவையில்லை.

தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் லாங் ஃபோல்டரில் 'டிஏ_ஐஎன்' என்ற பெயரில் ஒரு ஜேசன் வையுங்கள். கேமின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. யூடிஎஃப்-8-இல் சேமியுங்கள். அதில் விட்டுப்போன சாவிகளுக்கு அமெரிக்க ஆங்கில ஃபைலிலிருந்து பெயர் வரும் என்பதால் அந்த ஃபைல் எப்போதும் முழுமையாக இருக்கட்டும்.

செம்மண்_சுரங்கம்:

லூட் டேபிள் பாதைய சரி பண்ணினாலும் உங்களுக்கு ஒண்ணும் விழாதுங்க. அந்த 15 நொடி கணக்கே காரணத்தச் சொல்லிடுது.

ஒரு டிக்குக்கு எவ்வளவு உடையுதுன்னா: கருவி வேகத்த ஹார்ட்னஸால வகுத்து, அந்தக் கருவியால பொருள் எடுக்க முடியும்னா 30-ஆல வகுக்கணும், முடியாதுன்னா 100-ஆல வகுக்கணும். உங்க ஹார்ட்னஸ் (ஸ்ட்ரெங்த்ல முதல் எண்) 3. கேமுக்கு இது கோடாலி பிளாக்னே தெரியல, அதனால வேகம் 1. ரிக்வயர்ஸ்-டூல் போட்டிருக்கீங்க, ஆனா சரியான கருவி எதுன்னு எங்கயும் சொல்லல, அதனால 100-ஆல வகுக்குது. 300 டிக். நொடிக்கு 20 டிக், ஆக 15 நொடி. டேக் (பிளாக்குகள வகைப்படுத்துற பட்டியல்) சரியா இருந்தா இரும்புக் கோடாலி வேகம் 6, வகுக்கிறது 30. அப்ப 15 டிக், முக்கால் நொடியில உடஞ்சிடும்.

அதாவது ரிக்வயர்ஸ்-டூல்ங்கிறது பாதி வேலைதான். அது "வெறுங்கையால எடுத்தா தராதே"ன்னு மட்டும் சொல்லுது. எந்தக் கருவி, எந்த ரகம்ங்கிறத டேக்தான் சொல்லும். டேக் இல்லாம அத மட்டும் போட்டா நெதரைட் கோடாலிக்கும் ஒண்ணும் விழாது.

ரெண்டு டேக் ஃபைல் வேணும். ஒண்ணு 'மைனபிள்' ஃபோல்டருக்குள்ள 'பிக்ஆக்ஸ்', இன்னொண்ணு 'நீட்ஸ்_அயர்ன்_டூல்'. ரெண்டுலயும் 'வேல்யூஸ்' பட்டியல்ல 'விளக்குகள்:பித்தளை_விளக்கு'ன்னு முழு ஐடி. 'ரிப்ளேஸ்'ங்கிறத ஃபால்ஸ்னு வையுங்க. ட்ரூன்னு வச்சா கேமோட சொந்தப் பட்டியல் மொத்தமும் அழிஞ்சு உங்க விளக்கு ஒண்ணு மட்டும் நிக்கும். அப்புறம் சாதாரணக் கல்லுக்கூட கோடாலியால வேகமா உடையாது.

லூட் டேபிள்ல டைப் 'மைன்கிராஃப்ட்:பிளாக்', ஒரு பூல், ரோல்ஸ் 1, என்ட்ரில உங்க ஐட்டம், கண்டிஷன்ல 'சர்வைவ்ஸ்_எக்ஸ்ப்ளோஷன்'. அவ்வளவுதான். கடைசி வரிக்கு அப்புறம் தேவையில்லாத ஒரு கமா இருந்தாலும் அந்த ஃபைலே படிக்காம போயிடும். லாக்ல ஒரு வரி வரும், கேம் வழக்கம்போல ஓடும், பிளாக்லேர்ந்து மட்டும் ஒண்ணும் விழாது. அதனால ஒவ்வொரு தடவையும் 'லாக்ஸ்' ஃபோல்டர்ல 'லேட்டஸ்ட்' ஃபைலத் திறந்து உங்க மாட் ஐடியத் தேடிப் பாருங்க.

கல்வெட்டு_21:

இருவருக்கும் நன்றி. கையில் மாடல் வந்துவிட்டது, பெயரும் சரி. லூட் டேபிளை மாற்றினேன், டேக் ஃபைல் இரண்டையும் 'டேட்டா/விளக்குகள்/டேக்ஸ்/பிளாக்/' கீழே வைத்தேன். /ரீலோட் கொடுத்தும் உடைக்க அதே 15 நொடிதான். எஃப்3 அழுத்திப் பார்த்தால் வலது பக்கம் பிளாக் ஐடியும் 'ஃபேசிங்' (திசை), 'லிட்' (எரிகிறதா) இரண்டும் வருகின்றன. டேக் ஒன்றுமே வரவில்லை.

செம்மண்_சுரங்கம்:

எஃப்3 பார்த்தது நல்ல வேலை. டேக் ஏறியிருந்தா அந்த இடத்துல '#' போட்டு 'மைன்கிராஃப்ட்:மைனபிள்/பிக்ஆக்ஸ்'னு ஒரு வரி வந்திருக்கும்.

ஃபோல்டர்தான் தப்பு. நீங்க எழுதினது 'விளக்குகள்:மைனபிள்/பிக்ஆக்ஸ்'னு உங்களுக்கே சொந்தமான ஒரு புது டேக். அதக் கேட்கிறதுக்கு ஆளே இல்ல. கோடாலி கேட்கிறது 'மைன்கிராஃப்ட்'ங்கிற நேம்ஸ்பேஸ்ல (ஐடில ':'-க்கு முன்னாடி வர்ற பேரு) உள்ள டேக்க. அதனால ஃபைல் 'டேட்டா/மைன்கிராஃப்ட்/டேக்ஸ்/பிளாக்/மைனபிள்/பிக்ஆக்ஸ்.ஜேசன்'ல இருக்கணும், 'நீட்ஸ்_அயர்ன்_டூல்' அதே மாதிரி 'டேக்ஸ்/பிளாக்' கீழ நேரா. உங்க மாட் உள்ளயே 'மைன்கிராஃப்ட்'னு ஒரு ஃபோல்டர் வைக்கிறது தப்பில்ல. டேக் ஃபைல்கள கேம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்துத்தான் படிக்கும்.

இன்னொண்ணு. ஐடிஇ-யிலேர்ந்து (கோடு எழுதுற மென்பொருள்) ஓட்டுறீங்கன்னா சோர்ஸ் ஃபோல்டர்ல ஃபைல மாத்தினதும் /ரீலோட் கொடுத்தா போதாது. கேம் படிக்கிறது 'பில்ட்' ஃபோல்டர்ல இருக்கிற நகலத்தான். முதல்ல ப்ராஜெக்ட்ட பில்ட் பண்ணுங்க, அப்புறம் டேட்டாவுக்கு /ரீலோட், டெக்ஸ்ச்சர் மாடலுக்கு எஃப்3-யும் டி-யும் சேர்த்து. டேட்டாவ மாத்திட்டு எஃப்3-டி அழுத்தினா ஒண்ணும் ஆகாது, அது அசெட்ஸ் பக்கத்த மட்டும்தான் தொடும்.

நடுநிசி_கம்பைலர்:

மீதி இருப்பவை கோடு பக்கம். ஒவ்வொன்றாக.

பக்கத்துக் கல்லின் முகம் மறைவது: பிளாக் என்றால் முழுக் கனசதுரம், ஒளி புகாதது என்றுதான் கேம் எடுத்துக்கொள்ளும். ஒளி புகாத பிளாக் ஒட்டி நிற்கும் பக்கத்தை வரைந்து பயனில்லை என்று அதை விட்டுவிடும். உங்கள் மாடல் 10 பிக்சல் அகலம்தான் என்பது அதற்குத் தெரியாது. செட்டிங்ஸில் 'நான்-ஓபேக்' சேருங்கள், முகங்கள் திரும்ப வந்துவிடும்.

அதோடு 'கெட்-அவுட்லைன்-ஷேப்'பையும் ஓவர்ரைடு செய்யுங்கள். இல்லாவிட்டால் விளக்கைச் சுற்றி முழு பிளாக் அளவில் கறுப்புக் கோடு வரும், காற்றில் இடித்துக்கொள்வது போல ஆட்டக்காரர் தடுக்கி நிற்பார். 'பிளாக்.கிரியேட்-கியூபாய்ட்-ஷேப்' பிக்சல் கணக்கில் 0 முதல் 16 வரை எடுக்கும்: உங்களுக்கு 3, 0, 3 முதல் 13, 12, 13 வரை. 'வாக்ஸல்-ஷேப்ஸ்.கியூபாய்ட்' அப்படியல்ல, 0 முதல் 1 வரை எடுக்கும். அதில் போடுவதென்றால் 0.1875, 0, 0.1875 முதல் 0.8125, 0.75, 0.8125 வரை. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் ஷேப் பல மடங்கு பெரியதாகவோ சிறியதாகவோ ஆகிவிடும். ஷேப்பை ஸ்டாடிக் மாறிலியாக ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெத்தட் ஓயாமல் அழைக்கப்படும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது வீண். நடுவில் சமச்சீராக நிற்பதால் நான்கு திசைக்கும் ஒரே ஷேப் போதும்.

வலை ஓட்டை கறுப்பு: பிளாக் இயல்பாக 'சாலிட்' லேயரில் வரையப்படும். அங்கே ஊடுருவல் மதிப்பைப் பார்ப்பதில்லை. கிளையன்ட் இனிஷியலைசரில் 'பிளாக்-ரெண்டர்-லேயர்-மேப்' வழியாக உங்கள் பிளாக்கை 'கட்அவுட்' லேயருக்கு மாற்றுங்கள். 'ட்ரான்ஸ்லூசென்ட்' வேண்டாம். அது நிறக் கண்ணாடி போல அரைகுறையாக ஊடுருவும் பிளாக்குக்கு, வரிசைப்படுத்தும் செலவும் அதில் கூடுதல். உங்கள் டெக்ஸ்ச்சரில் ஒரு பிக்சல் இருக்கும் அல்லது இருக்காது, கட்அவுட் அதற்கே உரியது. இந்த வரியை மெயின் இனிஷியலைசரில் எழுதிவிடாதீர்கள். உங்கள் கணினியில் ஓடும். டெடிகேட்டட் சர்வரில் ரெண்டர் கிளாஸ்களே கிடையாது என்பதால் அங்கே தொடக்கத்திலேயே கிராஷ் ஆகும்.

வைத்ததும் எரிவது: 'லிட்' ஒரு பூலியன் ப்ராப்பர்ட்டி. கன்ஸ்ட்ரக்டரில் 'செட்-டிஃபால்ட்-ஸ்டேட்' கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டியின் முதல் மதிப்பும் இயல்பாகிவிடும். பூலியனுக்கு முதல் மதிப்பு ட்ரூ. கன்ஸ்ட்ரக்டரில் லிட் ஃபால்ஸ், ஃபேசிங் நார்த் என்று கொடுங்கள். 'கெட்-ப்ளேஸ்மென்ட்-ஸ்டேட்'டில் அந்த டிஃபால்ட் ஸ்டேட்டை எடுத்து, ஆட்டக்காரர் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையை ஃபேசிங்காக வைத்துத் திருப்பிக் கொடுங்கள். ப்ராப்பர்ட்டிகள் எல்லாம் ஸ்டாடிக்காக இருக்க வேண்டும். 'அப்பெண்ட்-ப்ராப்பர்டீஸ்' தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்தே அழைக்கப்படுகிறது. அந்த நேரத்தில் உங்கள் கிளாஸின் சாதாரண ஃபீல்டுகளுக்கு இன்னும் மதிப்பே வந்திருக்காது.

கிளிக் வேலை செய்யாதது: உங்கள் 'ஆன்-யூஸ்' மெத்தடில் 'ஹேண்ட்' என்ற பாராமீட்டர் இருக்கிறதா பாருங்கள். 1.20.5-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். 'ஆன்-யூஸ்' இப்போது கை பற்றிக் கேட்காது, கையில் உள்ள பொருளைப் பொறுத்து நடக்க வேண்டியவை 'ஆன்-யூஸ்-வித்-ஐட்டம்' பக்கம் போய்விட்டன. பழைய வடிவத்தில் எழுதி, மேலே ஓவர்ரைடு குறி போடாமல் விட்டிருந்தால் கம்பைலர் அதை வேறொரு புது மெத்தட் என்று ஏற்றுக்கொள்ளும். யாரும் அதை அழைக்கப் போவதில்லை. அந்தக் குறியை எல்லா இடத்திலும் போடும் பழக்கம் இருந்தால் பதிப்பு மாறும்போது கம்பைலரே காட்டிக் கொடுக்கும். உள்ளே, சர்வர் பக்கம் மட்டும் 'ஸ்டேட்.சைக்கிள்(லிட்)' செய்து 'செட்-பிளாக்-ஸ்டேட்' கொடுங்கள், 'சக்சஸ்' திருப்புங்கள்.

வெளிச்சம் செட்டிங்ஸில் 'லூமினன்ஸ்': லிட் என்றால் 14, இல்லாவிட்டால் 0. அதிகபட்சம் 15, டார்ச் 14. ஸ்டேட் மாறும்போது வெளிச்சத்தைக் கேமே திரும்பக் கணக்கிடும், நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

பிளாக்பெஞ்ச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதி செய்த மாடலில் டெக்ஸ்ச்சர் பாதைக்கு முன்னால் நேம்ஸ்பேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 'பிளாக்/பித்தளை_விளக்கு' என்று மட்டும் இருந்தால் கேம் அதை 'மைன்கிராஃப்ட்:' என்றே படித்து, அங்கே இல்லாமல் ஊதா-கறுப்பு காட்டும். 'பார்ட்டிகிள்' என்ற சாவியும் தேவை. அது விட்டுப்போனால் விளக்கு அழகாகத் தெரியும், உடைக்கும்போது தெறிக்கும் துகள் மட்டும் ஊதாவாக இருக்கும். 1.21.4-இல் ஒரு எலிமென்டை ஒரே அச்சில், 22.5 பாகையின் மடங்குகளில், 45 வரைக்கும்தான் திருப்ப முடியும். வேறு கோணம் இருந்தால் மாடல் முழுவதுமே ஏறாது.

கல்வெட்டு_21:

எல்லாம் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. பழைய 'ஹேண்ட்' பாராமீட்டர்தான் கிளிக்குக்குக் காரணம்.

அடுத்து இதே விளக்கை 16 நிறத்தில் செய்ய வேண்டும், தண்ணீருக்குள்ளும் வைக்க முடியணும். நிறத்தை இன்னொரு ப்ராப்பர்ட்டியாகச் சேர்ப்பதா, 16 தனி பிளாக்கா? ஃபைல்களை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

கூழாங்கல்:

தனி பிளாக். ஸ்டேட் என்பது உலகத்தில் வைத்த பிளாக்கில்தான் இருக்கும், ஐட்டத்தில் இருக்காது. நிறத்தை ப்ராப்பர்ட்டியாக வைத்தால் சிவப்பு விளக்கை உடைத்து மறுபடி வைக்கும்போது இயல்பு நிறத்துக்குப் போய்விடும். லூட் டேபிளில் 'காப்பி_ஸ்டேட்' என்ற ஃபங்க்ஷன் வைத்து அதைத் தாண்டலாம். ஆனால் அப்புறம் கிரியேட்டிவ் பட்டியலில் ஒவ்வொரு நிறத்தையும் கையால் சேர்க்க வேண்டும், பெயரும் தனித்தனியாக வராது. கேமிலேயே கம்பளி, கான்கிரீட் எல்லாம் நிறத்துக்கு ஒரு ஐடிதான்.

கோடில் 'டை-கலர்' மதிப்புகளைச் சுற்றி ஒரு லூப் போட்டு, கலரை ஐடியின் முன்னொட்டாக வைத்துப் பதிவு செய்யுங்கள். கிளாஸ் ஒன்றே போதும். அந்தப் பதிவு நடக்கும் கிளாஸை மெயின் இனிஷியலைசரிலிருந்து ஒரு மெத்தட் மூலம் தொட்டாக வேண்டும். ஜாவா பயன்படுத்தப்படாத கிளாஸை ஏற்றாது. தொடாவிட்டால் ஒரு பிளாக்கும் பதிவாகாது, எரரும் வராது.

தண்ணீருக்கு 'வாட்டர்லாகபிள்' இன்டர்ஃபேஸ், 'வாட்டர்லாக்ட்' ப்ராப்பர்ட்டி, 'கெட்-ஃப்ளூயிட்-ஸ்டேட்' மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். கடைசியை மறந்தால் எஃப்3-யில் வாட்டர்லாக்ட் ட்ரூ என்று காட்டும், தண்ணீர் மட்டும் இருக்காது. வைக்கும்போது அந்த இடத்தில் தண்ணீர் இருந்ததா என்று ப்ளேஸ்மென்ட் ஸ்டேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு விளக்குக்கு 4 × 2 × 2, ஆக 16 ஸ்டேட். பிளாக்ஸ்டேட் ஃபைலில் 16 வரி எழுத வேண்டாம். தோற்றத்தை மாற்றாத ப்ராப்பர்ட்டியைக் குறிப்பிடாமல் விட்டால் அந்த வரி இரண்டு மதிப்புக்கும் பொருந்தும். ஃபேசிங், லிட் மட்டும் வைத்து 8 வரி. வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 என்று 'ஒய்' சுழற்சி. ஒரு வரி விட்டுப்போனால் அந்தத் திசையில் வைக்கும்போது மட்டும் ஊதா-கறுப்பு வரும். அதனால் சோதிக்கும்போது நான்கு பக்கமும் நின்று வைத்துப் பாருங்கள்.

செம்மண்_சுரங்கம்:

ஃபைல் எண்ணிக்கைக்கு டேட்டாஜென்தான் (ஃபைல்கள கோடு மூலமா உருவாக்குற வசதி) வழி. கணக்குப் போட்டுப் பாருங்க: நிறத்துக்கு பிளாக்ஸ்டேட் ஒண்ணு, மாடல் ரெண்டு, ஐட்டம் ஃபைல் ஒண்ணு, லூட் டேபிள் ஒண்ணு. அஞ்சு பதினாறு எண்பது. கையால எழுதினா ஏதோ ஒரு நிறத்துல ஒரு எழுத்து மாறும், அத எப்பவோ ஒருத்தர் வந்து சொல்வார்.

முதல் பிளாக்க கையால எழுதணும்னுதான் நானும் சொல்வேன், எந்த ஃபைல் எதுக்குன்னு அப்பதான் பிடிபடும். நீங்க அந்தக் கட்டத்தத் தாண்டிட்டீங்க. லூட் டேபிள் ப்ரொவைடர்ல ஒவ்வொரு பிளாக்குக்கும் 'ஆட்-ட்ராப்' ஒரு வரி. டேக் ப்ரொவைடர்ல ரெண்டு டேக்குக்கும் ஒரு லூப். மாடலுக்கு உங்க பிளாக்பெஞ்ச் மாடல தாயா வச்சு, நிறத்துக்கு டெக்ஸ்ச்சர் மட்டும் மாத்துற குட்டி மாடல்கள உருவாக்குங்க. 1.21.4-லேர்ந்து மாடல் உருவாக்குற கிளாஸ்கள் கிளையன்ட் பக்கம் போயிடுச்சு. உங்க ப்ராஜெக்ட் கிளையன்ட் சோர்ஸ் தனியா பிரிச்சதுன்னா டேட்டாஜென் கிளாஸ அங்கதான் வைக்கணும், மெயின்ல வச்சா இம்போர்ட்டே கிடைக்காது. 'ரன்-டேட்டாஜென்' ஓட்டினா 'ஜெனரேட்டட்' ஃபோல்டர்ல வந்து விழும். கையால எழுதின பழைய ஃபைல்கள ரிசோர்சஸ்லேர்ந்து எடுத்துடுங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே பாதை இருந்தா பில்ட் நிக்கும்.

நடுநிசி_கம்பைலர்:

ஐடி விஷயத்தில் இப்போதே ஒரு முடிவெடுங்கள். 'பித்தளை_விளக்கு' என்ற பழைய ஐடியை நீக்கிவிட்டு நிறப் பெயர்களுக்குப் போனால், ஏற்கெனவே உலகத்தில் வைத்த விளக்குகள் அந்தப் பகுதி ஏறும்போது காற்றாகிவிடும். திரும்ப வராது. பழைய ஐடியை நிறமில்லாத 17-ஆவது விளக்காக அப்படியே வைத்திருங்கள். கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஃபேப்ரிக் ஏபிஐ-யில் பழைய ஐடியைப் புதியதற்குத் திருப்பிவிடும் மாற்றுப்பெயர் வசதி உண்டு, அதைப் பதிவு செய்த பிறகு உலகத்தைத் திறங்கள். எதுவாக இருந்தாலும் முதலில் 'சேவ்ஸ்' ஃபோல்டரை நகலெடுத்து வையுங்கள்.

நண்பர்களுக்குக் கொடுக்கும்போது மாட் ஜார் சர்வரிலும் வேண்டும், சேருகிற ஒவ்வொருவரிடமும் வேண்டும், எல்லாரிடமும் ஒரே பதிப்பாக. புது பிளாக் உள்ள சர்வருக்குள் அந்த மாட் இல்லாத கிளையன்டை ஃபேப்ரிக் விடாது. கிராடில் என்ற பில்ட் கருவியில் 'பில்ட்' ஓட்டிய பிறகு 'பில்ட்/லிப்ஸ்' ஃபோல்டரில் இரண்டு ஜார் இருக்கும். பெயர் 'சோர்சஸ்' என்று முடிவதை விட்டுவிட்டு மற்றதைக் கொடுங்கள்.